டிராக் டேக்கு எந்தக் கார் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ், சனிக்கிழமை மளிகைக் கடை, வருஷத்தில் மூன்று நான்கு தடவை இருங்காட்டுக்கோட்டை அல்லது செட்டிபாளையம் ரேஸ் டிராக். எல்லாவற்றுக்கும் ஒரே கார் போதும், அதுவும் கையைக் கடிக்காத விலையில் கிடைக்க வேண்டும் என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேஸ் கார் தயார் செய்வது வேறு வேலை, அது இதில் வராது.

டிராக் டே என்றால் ரேஸா?

இல்லை. கட்டணம் கட்டி, பொதுச் சாலையில் ஓட முடியாத வேகத்தில், பாதுகாப்பான இடத்தில் உங்கள் காரை நீங்களே ஓட்டிப் பார்க்கும் நாள் அது. பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. பொதுவாக 15, 20 நிமிட செஷன்களாகப் பிரித்து, அனுபவத்துக்கு ஏற்பக் குழு குழுவாக அனுப்புவார்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் வழி விட்ட பிறகுதான். போட்டி உரிமம் தேவையில்லை. சாதாரண ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட், கட்டுகிற மாதிரி ஷூ, முழுக்கைச் சட்டை இருந்தால் போதும். காருக்கோ உங்களுக்கோ ஏதாவது ஆனால் அமைப்பாளர் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதை ஒரு முறையாவது முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

தமிழ்நாட்டில் எங்கே ஓட்டலாம்? டிராக்கைப் பொறுத்துக் கார் மாறுமா?

கொஞ்சம் மாறும். ஒரு காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. அதற்குப் பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் கட்டி 1990-ல் திறந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு சுற்று 3.717 கி.மீ. அங்கே நேர்ப்பாதை முடிந்ததும் வருகிற முதல் வளைவு, எல்லோரும் சி1 என்று சொல்வது, வலது பக்கம் திரும்பும் வேகமான வளைவு. காரின் சஸ்பென்ஷன் நிலை, டயரின் நிலை, ஓட்டுகிறவரின் நிதானம் மூன்றும் அங்கே தெரிந்துவிடும்.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருப்பது கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன எஸ். கரிவர்தன் பெயரில் 2003-ல் திறந்தது. மாருதி 800 இன்ஜினை வைத்து நம் ஊரிலேயே ஃபார்முலா கார் கட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பையன்களையும் ரேஸுக்கு வர வைத்தவர் அவர். குறைந்த செலவில் டிராக்கில் ஓட்ட நினைக்கிற எல்லோரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் என்று நான் நினைக்கிறேன். இந்த டிராக் 2.1 கி.மீ. தான். வளைவு அதிகம், நேர்ப்பாதை குறைவு. இங்கே பெரிய இன்ஜினுக்கு வேலை கம்மி, சின்ன கார் சந்தோஷமாக ஓடும். இருங்காட்டுக்கோட்டையில் பவர் கொஞ்சம் உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை.

எத்தனை பிஎச்பி இருந்தால் போதும்?

80 முதல் 120 குதிரைத்திறன் (பிஎச்பி) வரை இருந்தால் தாராளம். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது பவர், நான் முதலில் பார்ப்பது எடை.

காரணம் பிரேக். ஓடுகிற காரை நிறுத்தும்போது அதன் ஆற்றல் முழுக்க வெப்பமாக மாறி பிரேக் டிஸ்கிலும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடிலும் இறங்குகிறது. வேகம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்கு. எடை ஒன்றரை மடங்கானால் வெப்பமும் ஒன்றரை மடங்கு. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வருகிற 900 கிலோ காரை நிறுத்த சுமார் 680 கிலோஜூல் வெப்பத்தை பிரேக் தாங்க வேண்டும். அதே இடத்தில் 1,350 கிலோ கார் வந்தால் ஆயிரத்தைத் தாண்டும். ரோட்டில் இப்படி எப்போதாவது ஒரு முறை பிடிப்பீர்கள். டிராக்கிலோ ஒவ்வொரு சுற்றிலும் பல முறை, ஆற நேரமே இல்லாமல், சென்னை வெயிலில். கனமான, பவர் அதிகமான கார் நான்காவது சுற்றிலேயே பிரேக் பெடலை மெத்தென்று ஆக்கிவிடும். மீதி நேரமெல்லாம் அதை ஆற வைத்து ஓட்டுவதிலேயே போய்விடும். லேசான கார் செஷன் முழுக்க ஓடும். கற்றுக்கொள்ள அதிகச் சுற்று கிடைப்பதுதான் முக்கியம்.

டயர், கிளட்ச், பெட்ரோல் செலவும் எடையைப் பின்தொடர்ந்தே போகும்.

சரி, பெயர் சொல்லுங்கள். எந்தக் கார்?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் பெட்ரோல் ஸ்விஃப்ட், மேனுவல் கியர். 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டின் எடை 880 கிலோவுக்குள். 1.2 லிட்டர் இன்ஜின், 83 குதிரைத்திறன். கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் அந்த இன்ஜின் மேல் சுற்றுவரை தயங்காமல் போகும். ஸ்டீயரிங்கில் உணர்வு குறைவு என்ற குறை உண்மைதான். மற்றபடி பிரேக் பேட் எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும், மெக்கானிக் யாரும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார், விற்கும்போதும் பெரிய நஷ்டம் வராது. பட்ஜெட் இன்னும் குறைவு என்றால் 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட், அந்த 1.3 லிட்டர் இன்ஜினோடு. நம் ஊர் எல்ஜிபி ஃபார்முலா 4 ரேஸ் கார்களில் ஓடுவதும் ஸ்விஃப்ட்டின் 1.3 இன்ஜின்தான். அதற்கு மேல் சிபாரிசு தேவையில்லை.

ஒரு படி மேலே போக விரும்பினால் மாருதி பலேனோ ஆர்எஸ். 2017-ல் வந்து 2020 தொடக்கத்தில் நின்றுபோனது. ஒரு லிட்டர் டர்போ, 102 குதிரைத்திறன், எடை 950 கிலோவை ஒட்டி, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். விற்பனையில் ஓடாத கார் என்பதால் செகண்ட் ஹேண்டில் நல்லதாகக் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கலாம், தகும்.

ஃபோக்ஸ்வாகன் போலோவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1.2 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) ஜிடி 2013-ல் வந்தது, 2020-ல் அதன் இடத்துக்கு 1.0 டிஎஸ்ஐ வந்தது. வாங்குவதானால் 1.0-வின் ஆறு கியர் மேனுவல், 110 குதிரைத்திறன். அதிவேகத்தில் ஸ்விஃப்ட்டை விட நிலையாக நிற்கும், இருங்காட்டுக்கோட்டைக்கு நன்றாகப் பொருந்தும். அதே டிராக்கில் போலோ, வென்டோ ரேஸ் தொடர்களே பல வருஷம் நடந்திருப்பதால் இந்தக் காரை நன்றாகத் தெரிந்த ஆட்கள் சென்னையில் உண்டு. உதிரிபாக விலை மட்டும் மாருதி விலையில் இருக்காது, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஃபோர்டு ரசிகர்களுக்கு ஃபியஸ்டா 1.6 எஸ். ஹைட்ராலிக் ஸ்டீயரிங், அருமையான சஸ்பென்ஷன், இன்றைக்கும் அந்த விலையில் திருப்பியதும் அப்படித் திரும்பும் முன்பக்கம் வேறு காரில் இல்லை. ஃபோர்டு 2021-ல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு விலை இறங்கிவிட்டது. ஆனால் கார் வயசாகிவிட்டது. புதுப்பேட்டையில் அலைந்து சாமான் தேடுவதில் சிரமம் இல்லை என்பவர்களுக்கு மட்டும்.

ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 2000-ல் வந்த முதல் மாடல், ரேஸிலும் ராலியிலும் பெயர் வாங்கியது. இப்போது நல்ல நிலையில் கிடைப்பதை ஓட்டித் தேய்ப்பதைவிடப் பத்திரப்படுத்தி வைப்பதே நியாயம். 2008-க்குப் பிறகு வந்த ஐ-விடெக் சிட்டி 118 குதிரைத்திறன், வீட்டில் நான்கு பேர் இருந்தால் அதையும் யோசிக்கலாம்.

ஷோரூமில் இருந்து புதுசாகவே வாங்கலாமா? ஐ20 என் லைன், ஆல்ட்ராஸ் ரேஸர்?

இரண்டும் 120 குதிரைத்திறன், இரண்டும் நல்ல கார். ஐ20 என் லைன் தயாராகும் ஹூண்டாய் தொழிற்சாலையே டிராக் இருக்கிற இருங்காட்டுக்கோட்டையில்தான். 2023-ல் வந்த புது வடிவத்தில் கிளட்ச் பெடலோடு ஆறு கியர் மேனுவல் கிடைக்கிறது, நான்கு டிஸ்க்கும் உண்டு. பழைய ஐஎம்டி வகையில் கிளட்ச் பெடல் கிடையாது, அதைத் தவிர்க்கலாம்.

தயக்கம் பணத்தில்தான். பத்து லட்சத்துக்கு மேல் போட்டு, இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கிற காரை டிராக்கில் ஓட்டும்போது மனசு இறுகிவிடும். தடுப்பில் உரசினாலே அந்த மாசச் சம்பளம் போய்விடும் என்ற நினைப்போடு வளைவைக் கற்றுக்கொள்ள முடியாது. ஏற்கெனவே உங்களிடம் அந்தக் கார் இருந்தால் தாராளமாகக் கொண்டுபோங்கள். டிராக்குக்காகவே வாங்குவதானால் பழையது போதும்.

டீசல் கார் இருக்கிறது. அதையே கொண்டுபோகலாமா?

முதல் இரண்டு தடவைக்குக் கொண்டுபோகலாம். வாங்குவது என்றால் வேண்டாம். மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொண்டால் டீசல் வகை பெட்ரோலை விடச் சுமார் நூறு கிலோ அதிகம். அந்தக் கனம் மூக்கில்தான் உட்காருகிறது. வளைவில் நீங்கள் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும், முன் டயர் தேயும். ஃபிகோ 1.5 டீசல் நேர்ப்பாதையில் பறக்கும் என்பது உண்மை, ஆனால் அந்த நேர்ப்பாதை முடிகிற இடத்தில் நீங்கள் நிறுத்தியாக வேண்டும்.

சிஎன்ஜி பொருத்திய காரை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

ஆட்டோமேட்டிக்?

ஏஎம்டி (மேனுவல் கியரையே மோட்டார் மாற்றிக்கொடுக்கும் வகை) டிராக்கில் எரிச்சல் தரும், வளைவுக்கு நடுவில் கியர் மாற்றிக்கொண்டு நிற்கும். சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை) சூடாகி பவரைக் குறைத்துவிடும். பழைய போலோ ஜிடி 1.2-ல் இருந்த ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச் வகை, வெப்பம் அதற்கு ஆகாது, பழுதானால் செலவு பெரிசு. எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை ஓரளவுக்குத் தாங்கும். மேனுவல் வாங்குங்கள்.

பழைய பிஎம்டபிள்யூ ஸ்விஃப்ட் விலைக்கே வருகிறதே? ரியர் வீல் டிரைவ் ஆச்சே?

வாங்குகிற விலைதான் ஸ்விஃப்ட் விலை. பராமரிப்பு பிஎம்டபிள்யூ விலையிலேயே நிற்கும். பத்து, பன்னிரண்டு வருஷ 3 சீரிஸில் கூலிங் சிஸ்டம், ரப்பர் புஷ், ஆயில் கசிவு மூன்றையும் சரி செய்த பிறகுதான் டிராக் பக்கம் போக முடியும். அதற்குள் இன்னொரு ஸ்விஃப்ட் வாங்குகிற பணம் போயிருக்கும். 17, 18 அங்குல டயரின் விலையையும் 14, 15 அங்குல டயரின் விலையையும் ஒரு கடையில் கேட்டுப் பாருங்கள். எஸ்யூவி விஷயம் இன்னும் சுருக்கம்: உயரம் அதிகம், எடை அதிகம், பல டிராக் டேக்களில் அனுமதியே கிடைக்காது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்ட் பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள். கதவில் கோடு இருந்தால் பேரம் பேச வசதி.

முதலில் கூலன்ட். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு தெளிவான நிறத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி வருஷக்கணக்கில் ஓட்டுவது சகஜம். உள்ளே துரு நிறத் தண்ணீர் தெரிந்தால் அந்த இன்ஜின் டிராக் வெப்பத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது, ஹெட் கேஸ்கெட் போகும். ஆயில் மூடிக்கு அடியில் பால்கோவா மாதிரி படிவு இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

சென்னைக் கார் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ நீரில் நின்றதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல், சீட் அடி போல்ட்டில் துரு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் கறைக்கோடு, இவை காட்டிக்கொடுக்கும். கடற்கரை ஓரம் நின்ற கார்களில் அடிப்பகுதித் துருவையும் பாருங்கள், முக்கியமாகச் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடங்களை.

அப்புறம் லிஃப்டில் ஏற்றி லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் கசிவு. இவை மாற்றக்கூடியவைதான், செலவைக் கணக்கில் கழித்தால் போதும். சேஸிஸ் வளைந்து டிங்கரிங் பார்த்த காரை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் அது நேராக நிற்காது.

வெளிமாநிலக் கார் மலிவாக வரும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் என்ஓசி வாங்கி மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரி கட்டியாக வேண்டும். 15 வருஷம் முடிந்த காருக்கு எஃப்சி காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு பேசுங்கள்.

வாங்கியதும் எதை மாற்ற வேண்டும்? எக்ஸாஸ்ட், ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது)?

அந்தப் பணத்தை பிரேக்கில் போடுங்கள்.

முதல் வேலை பிரேக் ஆயில். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 140. டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உருவாகும், பெடலை மிதித்தால் தரையைத் தொடும். மூன்று வருஷம் மாற்றாத ஆயிலோடு சி1-க்கு வருவது உயிரோடு விளையாடுவது. டிராக் டேக்கு முந்தைய வாரம் புது டாட் 4 அல்லது 5.1 ஊற்றிக் காற்றெடுத்துவிடுங்கள். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகான், உங்கள் காருக்கு ஆகாது.

அடுத்து முன் பேட். ஒரிஜினல் பேடில் தொடங்கலாம். அது போதவில்லை என்று நீங்களே உணர்ந்த பிறகு வெப்பம் தாங்கும் ரகத்துக்கு மாறலாம். முழு ரேஸ் பேட் வேண்டாம், காலையில் ஆபீஸ் போகும்போது சூடாகாமல் சரியாகப் பிடிக்காது. பின்னால் டிரம் இருக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம், முன் சக்கர டிரைவ் சின்ன காரில் பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்னால்தான்.

இவற்றோடு புது இன்ஜின் ஆயில், கூலன்ட், அலைன்மென்ட். முதல் வருஷத்துக்கு இவ்வளவுதான்.

டயர்?

காரின் மேல் வகையில் கம்பெனியே கொடுக்கிற அளவை எடுங்கள். கீழ் வகை ஸ்விஃப்ட் வைத்திருந்தால் இசட்எக்ஸ்ஐயின் 15 அங்குலச் சக்கரம் அப்படியே உட்காரும். நல்ல பிராண்டின் சாலை டயரே போதும். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2322 என்றால் 2022-ம் வருஷம் 23-வது வாரம். ஐந்து வருஷத்துக்கு மேலானதைப் மேல் தடத்தின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் போட வேண்டாம்.

காற்று சூட்டில் ஏறும். அதனால் ஒவ்வொரு செஷன் முடிந்ததும் அளந்து, ஏறியதைக் குறைத்து, எந்த அளவில் கார் நன்றாகத் திரும்புகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கடிகார திசையில் ஓடுவதால் முன் இடது டயர் முதலில் தேயும். வீட்டுக்கு வந்ததும் இடம் மாற்றிப் போட்டால் இன்னும் ஒரு டிராக் டே தாங்கும்.

ரோல் கேஜ், பக்கெட் சீட், சத்தமான எக்ஸாஸ்ட் போட்டால் ரோட்டில் ஓட்டலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரமும் கம்பெனி கொடுத்த அமைப்பும் மாறுகிற மாதிரி காரை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், ரோல் கேஜ், அதாவது கார் கவிழ்ந்தால் நசுங்காமல் இருக்க உள்ளே போடும் இரும்புக் குழாய்க் கூடு, ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்யப்பட்டது. குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிடும் வழியில் ஒரு சின்ன மோதலில் அந்த இரும்புக் குழாயில் தலை அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கம்பெனி சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் அப்படியே இருக்கட்டும்.

டிராக்கில் அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். தனியார் கார் பாலிசிகளில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை இவற்றுக்குப் பயன்படுத்தினால் காப்பீடு கிடையாது என்று அதில் எழுதியிருக்கும். டிராக் டே பந்தயம் இல்லை என்று வாதாடலாம், வாதாடிக்கொண்டே கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். ஆர்கனைசரோ பாலிசி கம்பெனியோ வாய்மொழியாக என்ன சொன்னாலும் எழுத்தில் இல்லாததை நம்ப வேண்டாம். முழுசாகப் போனாலும் குடும்பம் தடுமாறாத விலையில் கார் இருக்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டின் உச்ச வரம்பே அதுதான்.

மொத்தம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும்?

கையில் இருப்பது நான்கு லட்சம் என்றால் மூன்று லட்சத்துக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். மிச்சம் புஷ், டயர், பிரேக், நுழைவுக் கட்டணம். வீட்டிலிருந்து கிளம்பும்போது லிட்டருக்கு 15 தருகிற கார் டிராக்கில் 5, 6 தான் தரும். டேங்க் பாதிக்குக் கீழே போனால் நீளமான வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறலாம், ஆகவே நெடுஞ்சாலையிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். ஏப்ரல், மே வெயிலில் போவதைவிட ஜனவரி, பிப்ரவரியில் போனால் காரும் நீங்களும் தாங்குவீர்கள், அதே பணத்துக்கு அதிகச் சுற்றும் கிடைக்கும்.

ஓட்டி முடித்துவிட்டு அதே காரில் வீட்டுக்கு வரலாமா?

அப்படி வர முடிவதற்காகத்தான் இந்தக் காரையே வாங்குகிறோம். ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற வையுங்கள். பிட்டில் (டிராக் ஓரம் கார் நிறுத்துமிடம்) நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கொதிக்கிற டிரம்மில் ஷூவும் டிஸ்கில் பேடும் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும் முன் வீல் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், டயர் காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள், ஆயில் அளவைப் பாருங்கள். மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பேட் கனத்தை அளந்து, பாதிக்குக் கீழே போயிருந்தால் அடுத்த டிராக் டேக்கு முன் மாற்றிவிடுங்கள். பழைய பேடைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள், வழியில் அவசரத்துக்கு உதவும்.